விரட்டாத வயல்

ஆவுடையப்பன் லாரி ஓட்டுவதை விட்டபோது அறுபதை நெருங்கியிருந்தார். வண்டி நின்றுவிட்டது. அவரால்தான் நிற்க முடியவில்லை. மகள் வீட்டில் இருந்தால், ஏதாவது ஒரு மடத்தில் போய் உட்கார வேண்டும் என்று தோன்றும். மடத்தில் உட்கார்ந்தால், இதைவிட நல்ல மடம் வேறெங்கோ இருக்கிறது என்று தோன்றும். உட்கார்ந்திருக்கும்போதும் அவருடைய வலது பாதம் எதையோ அழுத்திக்கொண்டே இருக்கும். இப்படிப் பல இடங்களில் இருந்து பார்த்துவிட்டு, ஒரு மார்கழியில் பெருங்கோரைக் குளத்தின் கரையில் இருந்த சின்ன மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

அந்த மடத்தின் குரு உலகம்மை. ஆவுடையப்பனைவிடப் பல வயது இளையவர். மடத்துக்கு வருவதற்கு முன்னால் பீடி சுற்றிப் பிழைத்தவர். ஊரில் எல்லோரும் அவரை அம்மை என்றே கூப்பிட்டார்கள். மடம் என்றால் இரண்டு அறையும் ஒரு ஓலைப் பந்தலும்தான். பின்னால் மடத்துக்கென்று ஒரு வயல் இருந்தது. அதில் விளையும் நெல்தான், தை மாதம் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்களுக்குக் கஞ்சியாகும்.

வந்த அன்றே ஆவுடையப்பன் கேட்டார்.

"அம்மை, மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கு. என்ன செய்யணும்?"

அம்மை வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தது. பயிர் இன்னும் பச்சை பிடிக்கவில்லை.

"வயல்ல வாத்து இறங்குது அண்ணாச்சி. முதல்ல அதைப் பாருங்க" என்றார்.

அவை வீட்டு வாத்துகள் அல்ல. பனிமலைக்கு அப்பாலிருந்து குளிர்காலத்துக்கு வருகிற வரித்தலை வாத்துகள். வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டைகள் இருக்கும். இரவெல்லாம் நடுக்குளத்தில் மிதந்து உறங்கும். விடிந்ததும் மேயக் கிளம்பும். வெயில் ஏறியதும் தண்ணீருக்குத் திரும்பும். சாயங்காலம் மறுபடி மேயும். வழக்கமாக அவற்றின் மேய்ச்சல் குளத்தின் ஓரத்தில்தான். தண்ணீர் வற்றிய ஈரத்தில் முளைக்கிற கோரையையும், அதன் கிழங்கையும், கரையில் படர்ந்த அறுகையும் தின்னும்.

அந்த வருடம் மழை அதிகம். குளம் கரையைத் தொட்டு நின்றது. கோரையெல்லாம் ஆழத்தில் மூழ்கிக் கிடந்தது. இந்த வாத்துகள் முங்கி இரை எடுப்பவை அல்ல. மாட்டைப் போல நடந்து மேய்பவை. மேய இடமில்லாமல் வயலுக்கு வந்தன.

ஆவுடையப்பனுக்கு அந்த வேலை பிடித்துப்போனது. உட்கார வேண்டியதில்லை. தகர டின் ஒன்றையும் குச்சியையும் எடுத்துக்கொண்டு வரப்பு வரப்பாக ஓடினார். பழைய கேசட் நாடாவை உருவி, கம்பு நட்டு, வயலைச் சுற்றிக் கட்டினார். காற்றில் அது பளபளத்து விர்ரென்று சத்தம் போட்டது. வாத்துகள் எழுந்தன. வானத்தில் ஒரு வட்டம் அடித்தன. மேற்கே அடுத்த வயலில் இறங்கின.

அடுத்த வயல் வெயிலுமுத்துவுடையது. சொந்த வயல் அல்ல, குத்தகை. அவருக்கும் மனைவி பேச்சித்தாய்க்கும் அதைவிட்டால் வேறு பிழைப்பு இல்லை. அவரும் ஒரு டின்னை எடுத்தார். வாத்துகள் எழுந்து மடத்து வயலுக்குத் திரும்பின. ஆவுடையப்பன் தட்டினார். மேற்கே போயின. வெயிலுமுத்து தட்டினார். கிழக்கே வந்தன. இரண்டு பேருக்கும் நடுவில் காலைப்பொழுது இப்படியே கழிந்தது.

வெயிலுமுத்து ஒருநாள் வரப்பில் வந்து நின்றார்.

"பெரியவரே, ஒம்ம வாத்தையெல்லாம் எங்க வயலுக்கு ஓட்டி விடுதீரு."

"என் வாத்தா? அது குளத்து வாத்துல்லா."

"அப்ப குளத்துக்கு ஓட்டும்."

ஆவுடையப்பன் அடுத்த நாள் இன்னும் வேகமாக ஓடினார். வெடி வாங்கிவந்து போட்டார். குரல் கம்மிப்போனது. கால் வீங்கியது. ஆனாலும் பயிர் நாளுக்கு நாள் கட்டையாகிக்கொண்டே வந்தது. வாத்துகள் முன்பெல்லாம் கொஞ்ச நேரம் மேய்ந்துவிட்டு, வரப்பில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளும். இப்போது படுப்பதே இல்லை. இறங்கிய மாத்திரத்தில் தலையைக் குனிந்து பிடுங்க ஆரம்பித்துவிடுகின்றன. முன்பு பொழுது ஏறியதும் குளத்துக்குப் போனவை, இப்போது உச்சி வெயிலிலும் வயலிலேயே நிற்கின்றன.

இதை அவர் அம்மையிடம் சொன்னார். அம்மை இலை போட்டு அவரைச் சாப்பிடச் சொன்னார்.

ஆவுடையப்பன் இரண்டு வாய் எடுத்திருப்பார். அம்மை, அடுப்புக்கு விறகு வேண்டும் என்றார். எழுந்து போய்க் கொண்டுவந்து போட்டுவிட்டு உட்கார்ந்தார். சோற்றில் கை வைத்தார். கரையில் யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது, பார்த்துவிட்டு வாருங்கள் என்றார் அம்மை. போய்ப் பார்த்தார். யாரும் இல்லை. திரும்பி வந்து அவசர அவசரமாகப் பிசைந்து இரண்டு கவளம் விழுங்கினார். பசு கயிற்றை அறுத்துக்கொண்டது என்றார் அம்மை. ஓடினார். பசு கட்டிய இடத்தில் படுத்திருந்தது. அவருக்கு எரிச்சல் வந்தது. குரு ஆயிற்றே என்று அடக்கிக்கொண்டார். இந்த முறை உட்கார்ந்ததும் தலை நிமிராமல் சாப்பிட்டார். மறுபடி சோறு கேட்டார். அதற்கு மேலும் கேட்டார்.

அவர் கை கழுவி வந்தபோது பானை காலியாக இருந்தது.

"இன்னைக்கு ஒங்களுக்கு நல்ல பசி" என்றார் அம்மை.

ஆவுடையப்பன் காலிப் பானையைப் பார்த்தார்.

"அம்மை, நான் விரட்ட விரட்டத்தான் அது கூடுதலாத் தின்னுதா?"

அம்மை பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் ஆவுடையப்பன் டின்னைத் தொடவில்லை. நேராக வெயிலுமுத்துவிடம் போனார். தான் கண்டுபிடித்ததைச் சொன்னார். விரட்டினால் அது பறக்கும், பறந்தால் பசிக்கும், பசித்தால் இரண்டு மடங்கு தின்னும், அதனால் நீயும் விரட்டாதே என்று சந்தோஷமாக விளக்கினார்.

வெயிலுமுத்து பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி போட்டார்.

"விரட்டாம விட்டா தின்னாதா?"

"தின்னும். கொறைச்சுத் தின்னும்."

"ஒமக்கு மடம் சோறு போடும் பெரியவரே. எனக்கு இந்த வயலு போட்டாத்தான் உண்டு. கொறைச்சுத் தின்னாலும் அது எஞ் சோறுதானே?"

ஆவுடையப்பன் வரப்பிலேயே நின்றார். முந்தின நாள் கிடைத்த தெளிவு அவரிடம் இப்போது இல்லை. திரும்பலாம் என்று நினைத்தபோதுதான் வெயிலுமுத்துவின் மோட்டார் அறையின் மூலையில் ஒரு வாளியைக் கண்டார். மேலே சாக்கு போட்டு மூடியிருந்தது. பூச்சிமருந்து வாடை அடித்தது. சாக்கை விலக்கினார். உள்ளே நெல் ஊறிக்கொண்டிருந்தது.

அவர் மடத்துக்கு ஓடியே வந்தார். அம்மையிடம் சொன்னபோது மூச்சு வாங்கியது. ஊர்ப் பெரியவர்களைக் கூட்டலாம், போலீஸில் சொல்லலாம், ராவோடு ராவாக வாளியைத் தூக்கிக் கொட்டிவிடலாம் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். அம்மை காலில் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

வெயிலுமுத்து அம்மையைப் பார்த்ததும் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். எதையும் மறைக்கவில்லை. விரட்டிப் பார்த்தாயிற்று, வெடி போட்டுப் பார்த்தாயிற்று, இன்னும் கொஞ்ச நாள் போனால் வயலில் ஒன்றும் இருக்காது என்றார். பேச்சித்தாய் மோட்டார் அறை வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"தின்ன வாத்து எங்க போய் விழும் தம்பி?" என்று கேட்டார் அம்மை.

"குளத்துலதான்."

"ஒன் மாடு எங்க தண்ணி குடிக்குது?"

"தெரியும் அம்மை. தெரிஞ்சுதான் வாளியத் தூக்குதேன், வைக்கேன், தூக்குதேன், வைக்கேன். தூக்கமே இல்ல. அப்ப நான் என்ன செய்யணும்? அதைச் சொல்லுங்க."

அம்மை மேற்கு வயலைப் பார்த்தார். பிறகு திரும்பி மடத்து வயலைப் பார்த்தார்.

"நாளைக்கு விடியட்டும். அதுவரைக்கும் மூடி வை" என்றார்.

விடிந்ததும் அம்மை மடத்து வயலில் இறங்கிக் கேசட் நாடாவை அறுத்தார். கம்புகளைப் பிடுங்கினார். வாய்க்காலில் மடையைக் கொஞ்சம் திறந்துவிட்டார். தண்ணீர் பயிருக்கு நடுவில் மெல்லிசாகப் பரவியது. ஆவுடையப்பன் கரையில் நின்று புரியாமல் பார்த்தார். தகர டின் சமையலறைக்குப் போய்விட்டது. அதில் உப்பு கொட்டி வைத்திருந்தார்கள்.

"அண்ணாச்சி, இனி ஒங்க வேலை இதுதான். இந்த வயல்ல அதுகளை யாரும் விரட்டக் கூடாது."

"யாருமா?"

"நாயி, ஆடு, கல்லெறியுற பிள்ளைங்க. நீங்களும்."

வெயிலுமுத்துவுக்குச் சொல்லி அனுப்பினார். உன் வயலில் எப்போதும் போல விரட்டு, இங்கே விரட்ட மாட்டோம். அவ்வளவுதான் செய்தி.

வாத்துகளுக்கு அது புரியச் சில நாள் ஆனது. மேற்கே இறங்கினால் டின் சத்தம். கிழக்கே இறங்கினால் சத்தம் இல்லை. முதலில் கொஞ்சம் வந்தன. பிறகு கூட்டமாக வந்தன. மேற்கு வயல் மெல்ல மெல்ல வெறிச்சோடியது.

ஆவுடையப்பனுக்கு இது ஓடியதைவிடக் கஷ்டமாக இருந்தது. அந்த வயலில் பட்டுப்போன இடங்களில் புதுநாற்று ஊன்றியது அவர் கைதான். இப்போது கண்ணெதிரே அதைத் தின்கின்றன. தானாக எழுந்து நிற்பார். கை குச்சியைத் தேடும். ஒருநாள் நாய் ஒன்று வயலில் பாய்ந்தபோது அதைத் துரத்தப் போய், அவருக்குப் பயந்தே கூட்டம் முழுவதும் எழுந்துவிட்டது. எழுந்ததெல்லாம் வெயிலுமுத்துவின் வயலில் போய் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் ஓடுவதை விட்டுவிட்டு, நாய் வரும் வழியில் வரப்பிலேயே போய் உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்தும் நிம்மதி இல்லை. மேயும் கூட்டத்தில் எப்போதும் ஒன்று மட்டும் தின்னாமல் கழுத்தை நீட்டி நின்று நாலாபுறமும் பார்க்கும். தன்னைப் போல ஒன்று என்று நினைத்துக்கொண்டார். ஆனால் சற்று நேரத்தில் அது தலையைக் குனிந்து மேயத் தொடங்கும். வேறொன்று கழுத்தை நீட்டும். தன் முறை மட்டும் மாறவே இல்லையே என்று அவருக்குக் கோபம் வந்தது.

தை பிறந்தது. திருச்செந்தூருக்கு நடப்பவர்கள் பந்தலில் தங்கிக் கஞ்சி குடித்தார்கள். போன வருடத்து நெல் அது. வயலைப் பார்த்துவிட்டு அவர்கள் ஆளுக்கொரு பேச்சுப் பேசினார்கள். மடத்தில் வாத்துக்குப் படையல் போடுகிறார்களா என்று ஒருவர் சிரித்தார். இன்னொருவர், மலைப்பக்கம் ஒரு சாமி இருக்கிறார், அவர் முன்னால் போய் உட்கார்ந்தாலே மனசு அடங்கிவிடும் என்றார். ஆவுடையப்பன் அந்தச் சாமி இருக்கும் ஊருக்கு எப்படிப் போவது என்று இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அன்று மத்தியானம் அவர் அம்மையிடம் போனார். உள்ளே கொதித்ததெல்லாம் வெளியே வந்தது.

"அடுத்த தைக்கு இவங்களுக்கு என்ன கொடுப்போம் அம்மை?"

"கேட்டு வாங்கிக் கொடுப்போம்."

"யார்கிட்ட?"

"இருக்கிறவங்ககிட்ட."

"அவங்க இல்லைன்னா?"

"நாமளும் இல்லைன்னு சொல்லுவோம்."

"இல்லைன்னு சொல்லவா மடம் நடத்துதோம்?"

அம்மை முறத்தில் இருந்த பயறைத் தொடர்ந்து புடைத்தார். ஆவுடையப்பன் வேறு போக்கிடம் இல்லாமல் வரப்புக்கே திரும்பினார்.

அடுத்த சில வாரங்கள் எப்படிப் போயின என்று அவருக்குத் தெரியாது. ஒரு காலையில் வாத்து ஒன்று அவருக்கு மிக அருகில் மேய்ந்துகொண்டு வந்தது. அலகு பயிரின் தாளைக் கவ்வி அறுக்கும் சத்தம் கேட்டது. துணியைக் கத்தரியால் வெட்டுகிற மாதிரி சத்தம். அவர் மூச்சை அடக்கினார். கால் மரத்துப்போனது. எழுந்துவிட வேண்டும் போல உடம்பெல்லாம் துடித்தது. வாத்து தலையை உயர்த்தி ஒரு கண்ணால் அவரைப் பார்த்தது. மறுபடி குனிந்துகொண்டது. அது அவரைத் தாண்டிப் போகும்வரை அவர் அசையவில்லை. ஏன் அசையவில்லை என்று அவராலேயே சொல்ல முடியவில்லை.

மாசியில் குளம் உள்வாங்கியது. ஓரத்தில் சேறு தெரிந்தது. சேற்றில் கோரை ஊசி ஊசியாகத் தலை நீட்டியது. அதை முதலில் பார்த்தது வாத்துகள்தான். ஒருநாள் பாதிக் கூட்டம் குளத்தோரத்தில் நின்று கிழங்கைக் கிளறிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் மடத்து வயலில் ஒன்றுகூட இல்லை. எந்த நேரத்தில் போயின என்பதை ஆவுடையப்பன் கவனிக்கவில்லை. அந்நேரம் அவர் வரப்பில் சாய்ந்து நன்றாக உறங்கிக்கொண்டிருந்தார்.

வயல் மொட்டையாகக் கிடந்தது. மிச்சம் இருந்த வேர்களில் சில துளிர்த்தன. வடகிழக்கு மூலையில் மட்டும் பயிர் என்று சொல்லும்படி ஏதோ எழுந்தது. மற்ற இடமெல்லாம் களைதான்.

வெயிலுமுத்துவின் வயல் விளைந்தது. பிரமாதமான விளைச்சல் என்று சொல்ல முடியாது. ஓரங்கள் எல்லாம் சொத்தையாக இருந்தன. ஆனாலும் விளைந்தது. ஊறவைத்த நெல்லை அவர் எப்போதோ குளத்தைவிட்டுத் தள்ளி, மேட்டில் குழி தோண்டிப் புதைத்துவிட்டிருந்தார். பங்குனியில் அறுப்பு முடிந்தது. மறுநாளே வாத்துகள் குளத்தோரத்தை விட்டுவிட்டு அறுத்த வயலில் வந்து இறங்கின. தாளுக்கு இடையில் சிந்திக் கிடந்த நெல்லைப் பொறுக்கின. காலையிலும் தின்றன, மாலையிலும் தின்றன. உடம்பு கனத்து நடை அசைந்தது.

ஆவுடையப்பன் அந்தப் பக்கமாக வந்தபோது, பழக்கத்தில் கையை ஓங்கி ஒரு சத்தம் போட்டுவிட்டார். களத்தில் நின்ற வெயிலுமுத்து அவரைத் தடுத்தார்.

"இருக்கட்டும் பெரியவரே. மண்ணுல விழுந்தது நம்ம கைக்கு வரப்போறதில்ல. எம்புட்டுத் தூரம் போகணுமோ அதுக்கு. தின்னட்டும்."

அன்று சாயங்காலம் வெயிலுமுத்துவும் பேச்சித்தாயும் ஒரு ஓலைப்பெட்டி நிறைய நெல் கொண்டுவந்து பந்தலில் வைத்தார்கள். ஈடு கட்டியது போல இருக்கக் கூடாதே என்று பேச்சித்தாய்க்குக் கூச்சம். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றாள். அம்மை மற்றவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்வது போலவே அதையும் வாங்கிக்கொண்டார். இரண்டு பேரையும் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

அதன் பிறகு ஒரு காலை. வெயில் இன்னும் சூடேறவில்லை. அம்மை கரையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நடுக்குளத்தில் வாத்துகளின் குரல் திடீரென்று உயர்ந்தது. ஒன்று கூப்பிட, பல பதில் சொல்ல, கூட்டம் தண்ணீரை உதறிக்கொண்டு எழுந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. வரிசை கோணலாகி, கலைந்து, மறுபடி கூடியது. பிறகு வடக்கே திரும்பியது. ஆவுடையப்பன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே கரைக்கு வந்தார். அவர் தோளில் பை தொங்கியது.

"யாரும் விரட்டல. அதுகளாக் கெளம்பிட்டு" என்றார்.

"ஆமா. வயிறு நிறைஞ்சிட்டு. நேரமும் வந்துட்டு."

"எனக்கும் நேரம் வந்துட்டு அம்மை. மலைப்பக்கம் ஒரு சாமி இருக்காராம். ரொம்பப் பேர் சொல்லுதாங்க. இப்ப வாற பஸ்ஸைப் பிடிச்சா இருட்டுறதுக்குள்ள போயிரலாம்."

அம்மை ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டார்.

"போயிட்டு வாங்க அண்ணாச்சி."

தடுப்பார் என்று ஆவுடையப்பன் நினைத்திருந்தார். தடுக்கவில்லை. அவர் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு கரையிலிருந்து இறங்கினார். சற்றுத் தூரம் போயிருப்பார்.

"அண்ணாச்சி."

அவர் நின்று திரும்பினார்.

"ஒங்களை யாரு விரட்டுதா?"

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். சாலையில் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தது, நின்றது, போனது. அவர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.